எண்ணிக்கை சரி, இடம் பிழை

59 ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே 3 என்று எழுதியிருந்தது.

பக்கம் என்றது கணினி நினைவகத்தின் ஒரு துண்டை. அதில் பிழையான இடத்தில் கிடந்த அந்த ஒற்றை எண்ணைக் காண எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. அந்த நாட்களில் எங்கெல்லாம் தேடினோம், பிழை எங்கே ஒளிந்திருந்தது, அதைத் திருத்தப் போய் இன்னொரு பிழையை எப்படிச் சேர்த்தோம் என்று எழுதிவைக்கக் கனநாளாக நினைத்திருந்தேன். கணினியின் அடிமட்டத்தில் வேலை செய்கிற, செய்ய ஆசைப்படுகிற பிள்ளைகள் இப்போது யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இது ஒரு கிழமையை மிச்சம் பிடித்துக் கொடுத்தாலும் எனக்குச் சந்தோசம்.

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம், சில நாள் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத காலம். பெட்ரோல் வரிசையில் நிற்க நேரமில்லாமல் எல்லாரும் சைக்கிளுக்கு மாறியிருந்தோம். எங்கள் அலுவலகம் ஆடியபாதம் வீதிப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடி. ஐந்து பேர். கரண்ட் போனால் லப்டொப்பில் பற்றரி இருக்கும் வரைதான் வேலை. ஆகவே எந்தச் சோதனையை ஓட்டுவது, எதை விடுவது என்று யோசித்து யோசித்துத்தான் ஓட்டுவோம்.

வேலை இதுதான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரங்களின் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி எடுத்து வைக்கும் கருவி ஒன்றை எழுதியிருந்தோம். முதல் தடவை முழுவதையும் எடுக்கும். அதன் பிறகு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் மாறிய பக்கங்களை மட்டும் எடுக்கும். இந்த இரண்டாவது வகைக் கோப்பை நாங்கள் டெல்டா என்று சொல்வோம்.

எந்தப் பக்கம் மாறியது என்று எப்படித் தெரியும்? லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் பகுதியான கேவிஎம் அதைப் பார்த்துக்கொள்கிறது. விருந்தினர் இயந்திரத்தின், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரத்தின், நினைவகத்தை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிட் வைத்திருக்கும். பக்கங்களை எழுத முடியாதபடி பூட்டி வைத்துவிட்டு, யாராவது எழுத வந்தால் அந்தப் பிட்டை 1 ஆக்கிப் பூட்டைத் திறந்து விடும். புதிய இன்டெல் செயலிகளில் வன்பொருளே இந்தக் கணக்கை எழுதித் தரும். எப்படியோ, நாங்கள் கேட்கும்போது பிட்களின் நீண்ட வரிசை ஒன்று கைக்கு வரும். அதுதான் டேர்ட்டி பிட்மேப். 4 ஜிகாபைட் நினைவகம் என்றால் 1048576 பக்கங்கள், ஆகவே பிட்மேப் 128 கிலோபைட். சின்னப் பொருள். அதனாலேயே அதில் யாரும் பெரிதாகக் கண் வைப்பதில்லை.

எங்கள் டெல்டாக் கோப்பில் மூன்று பகுதி இருந்தது. முதலில் தலைப்பு: எத்தனை பக்கம், பக்கத்தின் அளவு, நேரம். அடுத்தது பிட்மேப். அதற்குப் பின் மாறிய பக்கங்களின் உள்ளடக்கம், பிட் வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக. தலைப்பில் உள்ள எண்களை நாங்கள் ஒழுங்காக நெட்வேர்க் வரிசையில், அதாவது பெரிய முனைப் பைட் முதலில் வரும் பிக் எண்டியனில், மாற்றித்தான் எழுதினோம். எண் என்றால் பைட் வரிசை பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் பழக்கமான விசயம். ஆனால் பிட்மேப்பை நாங்கள் எண் என்று நினைக்கவில்லை. அது பிட்களின் குவியல், அப்படியே தூக்கிக் கோப்பில் போட்டால் சரி என்று போட்டோம். நிரலுக்குள் அது 64 பிட் எண்களின் வரிசையாக இருந்தது. ஒன்பது நாளும் அந்த ஒரு இடத்துக்குள்தான் போனது.

இரண்டு வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லை. டெல்டாவை எடுப்பதும் இன்டெல் இயந்திரம், அதை முழுப் பிரதியோடு சேர்ப்பதும் இன்டெல் இயந்திரம். அப்போது அந்த நிறுவனம் டெல்டாக்களைச் சேர்க்கும் வேலையைத் தங்களிடம் சும்மா இருந்த ஒரு பழைய ஐபிஎம் பவர் சேர்வருக்கு மாற்றியது. அதில் ஓடியது பிக் எண்டியன் லினக்ஸ். எங்கள் நிரல் அதில் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கொம்பைல் ஆனது. ஓடியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஐந்து கிழமை கழித்து, ஒரு பயிற்சிக்காக மூன்று இயந்திரங்களை அந்தப் பிரதிகளில் இருந்து எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு எழும்பவே இல்லை. மூன்றாவது எழும்பி, முக்கால் மணித்தியாலம் ஓடி, கெர்னல் பானிக்கில், அதாவது இயங்குதளத்தின் மையமே செயலிழந்து, நின்றது.

அந்த மூன்றாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். எழும்பாத இயந்திரம் யாருக்கும் தீங்கு செய்யாது. முக்கால் மணித்தியாலம் ஓடுகிற இயந்திரம், பிழையான நினைவகத்தை வைத்துக்கொண்டு வட்டில் எழுதும்.

முதல் ஐந்து நாள் நாங்கள் பார்க்காத இடமெல்லாம் பார்த்தோம். வட்டு பழுதாக இருக்குமோ, கோப்பு போகும் வழியில் சிதைந்ததோ, பிட்மேப்பை எடுக்கிற கணத்துக்கும் பக்கத்தைப் படிக்கிற கணத்துக்கும் இடையில் விருந்தினர் ஏதாவது எழுதிவிட்டதோ. கடைசியாகச் சொன்ன சந்தேகம் இந்தத் துறையில் நியாயமானது, அதிலேயே மூன்று நாள் போனது. எங்களைத் திசை திருப்பியது எங்களுடைய சரிபார்ப்புகள்தான். கோப்பின் சிஆர்சி, அதாவது பைட்களில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், இரண்டு இடத்திலும் ஒன்று. கோப்பின் நீளம் சரி. எடுத்த இடத்தில் மாறிய பக்கங்கள் என்று எண்ணியதும், சேர்த்த இடத்தில் எண்ணியதும் ஒரு பக்கம்கூடப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. எண்ணிக்கை ஒத்துப்போனதால் பிட்மேப் சரி என்று முடிவு கட்டி, அதற்கு மேல் போய்விட்டோம்.

பல்கலைக்கழகத்தில் இருந்து பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவர் அப்போது எங்களோடு இருந்தார். ஆறாம் நாள் பின்னேரம், கரண்ட் போய் எல்லாரும் பல்கனியில் பிளேன்ரீயோடு இருக்கும்போது கேட்டார்.

“அக்கா, எத்தினை பக்கம் வந்தது எண்டு பாக்கிறம். எந்தப் பக்கம் எங்க போனது எண்டு ஒருத்தரும் பாக்கேல்லையே?”

“அதை எப்பிடித் தம்பி பாக்கிறது? உள்ளுக்குக் கிடக்கிறது அவையின்ர டேற்றா. எங்களுக்கு என்ன விளங்கும்?”

“நாங்களே ஒரு பொய் நினைவகம் செய்வம். ஒவ்வொரு பக்கத்திலயும் அதின்ர நம்பரையே எழுதி விடுவம். சேர்த்த பிறகு பக்கம் தானே சொல்லும், தான் எங்கயிருந்து வந்தது எண்டு.”

எனக்குத் தேநீர் இறங்கவில்லை. இவ்வளவு எளிய விசயத்தை ஆறு நாளாக ஒருவரும் செய்யவில்லை.

அடுத்த சிக்கல், எங்களிடம் பிக் எண்டியன் இயந்திரம் கிடையாது. வாடிக்கையாளரின் சேர்வரில் சோதனை செய்ய ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு வழி லப்டொப்பிலேயே இருந்தது, நாங்கள்தான் தேடவில்லை. கியூஎமு என்பது வேறு வகைக் கணினி போல நடிக்கும் நிரல். அதை முழு இயந்திரமாக ஓட்டாமல், ஒரு தனி நிரலை மட்டும் வேறு செயலிக்கு மொழிபெயர்த்து ஓட்டும் விதமாகவும் பாவிக்கலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் அதற்கான பொதி இருக்கிறது. ஐபிஎம் மெயின்பிரேம்களின் எஸ்390எக்ஸ் கட்டமைப்புக்கான கிராஸ் கொம்பைலரும் (ஒரு இயந்திரத்தில் இருந்துகொண்டு வேறு வகை இயந்திரத்துக்கு நிரலை ஆக்கித் தருவது) இருக்கிறது. எஸ்390எக்ஸ் 64 பிட், பிக் எண்டியன். இரண்டையும் நிறுவி, நிரலை அந்தக் கட்டமைப்புக்குக் கொம்பைல் செய்து, சாதாரண நிரல் போலவே ஓட்டலாம். எங்கள் சோதனை சில வினாடிகளில் முடிந்தது. முழு இயந்திரத்தை எமுலேட் செய்து அதில் லினக்ஸைப் பூட் செய்யப் போயிருந்தால், அன்றைக்கு இருந்த பற்றரிக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

தம்பியின் பொய் நினைவகத்தில், ஒவ்வொரு 64 பக்கக் கூட்டத்திலும் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினோம். இன்டெல்லில் எடுத்த டெல்டாவை எஸ்390எக்ஸ் நிரலால் சேர்த்தோம். 3 ஆம் பக்கத்தில் பழைய உள்ளடக்கம் அப்படியே கிடந்தது. 59 ஆம் பக்கம் “நான் 3” என்றது.

தம்பி கலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். 3 போனது 59 க்கு. 10 போனது 50 க்கு. 20 போனது 44 க்கு. 30 போனது 38 க்கு. இடைவெளிகள் 56, 40, 24, 8. வேறு எந்த இடைவெளியும் இல்லை. கிலோபைட்டில் சொன்னால் 224, 160, 96, 32. எல்லாம் 32 இன் ஒற்றைப்படை மடங்குகள், 7, 5, 3, 1. இந்த நான்கு எண்களை எங்காவது கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம். 64 பிட் சொல் (செயலி ஒரே தடவையில் எடுக்கும் எண்) ஒன்றின் எட்டுப் பைட்கள் தலைகீழாகப் படிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். பக்க எண்ணை 56 ஓடு எக்ஸ்ஓஆர் செய்தால், அதாவது பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போட்டால், பிழையான இடம் அப்படியே வரும். 32 பிட் சொற்கள் என்றால் 56 க்குப் பதில் 24.

ஏன் 59 என்று ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காது. 3 ஆம் பிட் மட்டும் 1. இன்டெல் இயந்திரம் இதை நினைவகத்தில் 08, 00, 00, 00, 00, 00, 00, 00 என்று எட்டுப் பைட்டாக வைக்கும், சிறிய முனை முதலில். இந்த வரிசைக்குப் பெயர் லிட்டில் எண்டியன். கோப்பிலும் அப்படியே போகும். பிக் எண்டியன் இயந்திரம் இதே எட்டுப் பைட்டை எடுத்து, முதல் பைட்தான் பெரிய முனை என்று நினைத்துப் படிக்கும். அந்த 8 ஆனது மேல் பைட்டில் போய் நிற்கும். மேல் பைட் 56 ஆம் பிட்டில் தொடங்குகிறது. 56 உம் 3 உம் 59.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை. நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் சொந்தப் பெயரைப் பின்னுக்கும் எழுதுவோம். அந்தக் கடவுச்சீட்டோடு கனடா போய் இறங்கிய என் சித்தப்பா மகனை அங்கே வேலையில் எல்லாரும் சித்தப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தாளில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. எந்த முனையில் இருந்து படிப்பது என்பதில் எழுதினவரும் படித்தவரும் வேறு வேறு வழக்கம். எழுத்துக்களை எத்தனை தரம் எண்ணிப் பார்த்தாலும் அந்தப் பிழை தெரியாது.

எங்கள் எண்ணிக்கைச் சோதனையும் அதனால்தான் ஏமாந்தது. பைட்களை எப்படிப் புரட்டினாலும் 1 களின் எண்ணிக்கை மாறாது. சிஆர்சி கோப்பில் உள்ள பைட்களைப் பார்க்கிறது, அவற்றின் அர்த்தத்தைப் பார்ப்பதில்லை. பிட் எண்ணிக்கை அதேதான் என்பதால், சேர்க்கும் நிரல் கோப்பில் இருந்த பக்கங்களைச் சரியாகக் கடைசிப் பைட் வரை எடுத்து முடித்தது. எஞ்சவும் இல்லை, போதாமலும் போகவில்லை. ஒரு கூட்டத்தில் பல பக்கங்கள் மாறியிருந்தால் இன்னும் குழப்பம், ஏனென்றால் உள்ளடக்கம் வரிசைப்படி எடுக்கப்படுகிறது. 3 உம் 20 உம் மாறியிருந்தால் பிட்கள் 59, 44 என்று தெரியும், நிரல் சிறியதில் இருந்து போகும், ஆகவே 3 இன் உள்ளடக்கம் 44 க்கும் 20 இன் உள்ளடக்கம் 59 க்கும் போகும். அதனால்தான் கூட்டத்துக்கு ஒரு பக்கம் என்று சோதித்தது பலன் தந்தது.

பைட் வரிசை பிழைத்தால் எப்போதும் இப்படிச் சத்தமில்லாமல் போகும் என்று இல்லை. தமிழ் எழுதுகிறவர்கள் கண்ணால் காணக்கூடிய ஒரு வடிவம் உண்டு. யூனிக்கோடில் ‘க’ வின் எண் 2965. யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தில் அது 11, 149 என்று இரண்டு பைட். திருப்பிப் படித்தால் 38155, அது சீன எழுத்துக்களின் வரிசையில் விழும். ‘ம’ வின் எண் 2990, பைட்கள் 11, 174. திருப்பினால் 44555, கொரிய எழுத்து. தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது சீனமும் கொரியமும் கலந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே பார்த்தவுடன் பிடிபடுகிறது. பிட்மேப்பில் எந்த வரிசையில் படித்தாலும் செல்லுபடியான பிட்மேப் ஒன்றுதான் கிடைக்கும், பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

சரி, எங்களிடம் யூனிட் டெஸ்ட் இல்லையா? இருந்தது. நான்தான் எழுதினேன். எல்லாப் பக்கமும் மாறிய நிலை ஒன்று, எதுவும் மாறாத நிலை ஒன்று, ஒன்று விட்டு ஒன்று மாறிய நிலை ஒன்று. மூன்றையும் எஸ்390எக்ஸில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் பச்சை. ஒன்று விட்டு ஒன்று மாறினால் எட்டுப் பைட்டும் ஒரே மாதிரி இருக்கும், புரட்டினாலும் அதேதான். விகடகவி என்ற சொல்லை எந்தப் பக்கத்தில் இருந்து வாசித்தாலும் விகடகவிதான். நான் எழுதிய டெஸ்ட் எல்லாமே விகடகவி. இப்போது நாங்கள் பாவிக்கும் மாதிரிகளில் எந்தப் பைட்டும் இன்னொன்றைப் போல இருக்காது. முதல் பைட்டில் ஒரு பிட், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று ஏறிக்கொண்டு போகும். அதோடு ஒரே ஒரு பிட் மட்டும் 1 ஆக உள்ள 64 டெஸ்ட். அந்த 64 மட்டுமே இருந்திருந்தாலும் முதல் நாளே பிடித்திருப்போம். முதல் முழுப் பிரதியில் எல்லாப் பிட்டும் 1 என்பதால் அது எப்போதும் சரியாகவே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 64 பக்கக் கூட்டம் முழுக்க, அதாவது 256 கிலோபைட்டும், மாறிய இடங்களும் சரியாகவே வந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறிய பக்கங்கள் மட்டும் இடம் மாறின. முக்கால் மணித்தியாலம் ஓடிய அந்த இயந்திரம் எப்படி அவ்வளவு நேரம் ஓடியது என்பது அப்போதுதான் விளங்கியது.

திருத்தம் சின்னது என்று நினைத்தோம். பிட்மேப்பைக் கோப்பில் இருந்து படிக்கும் செயற்கூறில் நான் ஒரு மாற்றத்தைப் போட்டேன். லிட்டில் எண்டியனில் இருந்து இயந்திரத்தின் சொந்த வரிசைக்கு. அதே இரவு, என்னிடம் கேட்காமல், தம்பி சேர்க்கும் சுழலுக்குள் அதே மாற்றத்தைப் போட்டார். கரண்ட் இல்லை, இணையம் இல்லை, இரண்டு பேரும் வீட்டில் இருந்து வேலை செய்தோம். காலையில் இரண்டு திருத்தமும் ஒன்றாகச் சேர்ந்தன. இன்டெல்லில் இந்த மாற்றம் எதையும் செய்யாது, ஆகவே எல்லா டெஸ்டும் பச்சை. பிக் எண்டியனில் ஒரு தடவை புரட்டி, மீண்டும் புரட்டி, பழைய பிழைக்கே வந்து நின்றது. எஸ்390எக்ஸ் டெஸ்ட் இருந்தபடியால் பத்து நிமிடத்தில் கண்டோம். இல்லாவிட்டால் திருத்திவிட்டோம் என்று வாடிக்கையாளருக்கு எழுதியிருப்போம்.

அதில் இருந்து ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். பைட் வரிசை மாறுவது ஒரே ஒரு வாசலில்தான். கோப்பில் கிடக்கும் பிட்மேப் ஒரு வகை, நிரலுக்குள் இருக்கும் பிட்மேப் வேறு வகை. சீ மொழியில் இரண்டையும் தனித்தனி ஸ்ட்ரக்டுக்குள் வைத்துவிட்டால், ஒன்றை மற்றதின் இடத்தில் கொடுக்கக் கொம்பைலரே விடாது. லினக்ஸ் கெர்னலில் லிட்டில் எண்டியன் எண்ணுக்கும் பிக் எண்டியன் எண்ணுக்கும் தனி வகைப் பெயர்கள் வைத்து, ஸ்பார்ஸ் என்ற கருவியால் சோதிப்பதும் இதற்காகத்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கருவியை 2003 இல் தொடங்கினார். மனிதர் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று நம்பி விடக்கூடிய விசயம் இது இல்லை என்று அவர்கள் அவ்வளவு முன்னமே தீர்மானித்திருக்கிறார்கள்.

கோப்பில் எந்த வரிசை என்பதிலும் ஒரு வாக்குவாதம் நடந்தது. தலைப்பு பிக் எண்டியன், பிட்மேப்பையும் அப்படியே வைத்தால் ஒரே சீராக இருக்குமே என்று எங்கள் மூத்த அண்ணை ஒருவர் சொன்னார். நான் லிட்டில் எண்டியன் என்று நின்றேன். காரணம் இது. லிட்டில் எண்டியனில் n ஆவது பிட் எப்போதும் n ஐ எட்டால் வகுத்த பைட்டில், மீதி எத்தனையோ அந்தப் பிட்டில் இருக்கும். சொல்லின் நீளம் 32 ஆக இருந்தாலும் 64 ஆக இருந்தாலும் மாறாது. பிக் எண்டியன் சொற்களாக எழுதினால், 32 பிட் சொல்லாக எழுதியது வேறு, 64 பிட் சொல்லாக எழுதியது வேறு. பிறகு சொல்லின் நீளத்தையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். கேவிஎம்மும் இதே வழியில்தான் போகிறது. பிக் எண்டியன் இயந்திரத்திலும் டேர்ட்டி பிட்மேப்பை லிட்டில் எண்டியன் வரிசையில்தான் தருகிறது. கியூஎமு அதை வாங்கும்போது தன் சொந்த வரிசைக்கு மாற்றிக்கொள்கிறது. ஓடும் மெய்நிகர் இயந்திரத்தை வேறு கணினிக்கு இடம்பெயர்ப்பது நடுவில் அறுந்து திரும்பத் தொடங்கும்போது, எந்தப் பக்கங்கள் வந்து சேர்ந்தன என்று மறுமுனை ஒரு பிட்மேப் அனுப்பும். கியூஎமு அனுப்பும் தரவு ஓட்டத்தில் சாதாரண எண்கள் பிக் எண்டியனில் போனாலும், அந்தப் பிட்மேப் மட்டும் எப்போதும் லிட்டில் எண்டியனில் போகும். அதன் முடிவில் 0123456789 என்று தொடங்கி ஒவ்வொரு இலக்கமும் வேறாக ஏறிப்போகும் ஓர் அடையாள எண்ணும் வைத்திருக்கிறார்கள். திருப்பிப் படித்தால் உடனே தெரிந்துவிடும். எங்கள் கோப்பின் தொடக்கத்தில் நான்கு எழுத்துக்கள்தான் அடையாளமாக இருந்தன. எழுத்துக்களை எந்த இயந்திரமும் ஒரே மாதிரித்தான் படிக்கும், ஆகவே அவை எதையும் காட்டித்தரவில்லை. இப்போது பிட்மேப்புக்கு முன்னால், பிட்மேப்பை எழுதும் அதே செயற்கூறால், இப்படியான ஓர் எண்ணை எழுதுகிறோம்.

லிட்டில் எண்டியன் என்று முடிவெடுத்ததில் இன்னொரு நன்மையும் இருந்தது. பழைய டெல்டாக்கள் எல்லாம் இன்டெல்லில் எழுதப்பட்டவை. அவற்றில் ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வேகம் குறையுமோ என்று பயந்தோம். பைட் பைட்டாகப் பார்த்தால் எட்டு மடங்கு சுற்று. ஆனால் ஒரு சொல் முழுவதும் பூச்சியமா என்று பார்க்கப் பைட் வரிசை தேவையில்லை. பூச்சியம் எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் பூச்சியம். ஆகவே 64 பிட் சொற்களாகத் தாவிப்போய், பூச்சியம் இல்லாத சொல்லில் மட்டும் உள்ளே இறங்கிப் பைட்களைப் பார்க்கிறோம். எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

32 பிட் விசயத்தைத் தொட்டதால் வாலையும் சொல்கிறேன். பிட்மேப்பின் நீளத்தை நாங்கள் அந்த இயந்திரத்தில் சீ மொழியின் லோங் என்ற எண் வகைக்கு உள்ள அளவின் முழு மடங்குக்கு உயர்த்தி எழுதிக்கொண்டிருந்தோம். 65 பக்கம் என்றால் 64 பிட் இயந்திரத்தில் 16 பைட், 32 பிட் இயந்திரத்தில் 12 பைட். அந்த 4 பைட்டால் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். கியூஎமுவின் மூலநிரலிலும் இதே 4 பைட்டைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பு இருக்கிறது. கெர்னல் 64 பிட், பயனர் நிரல் 32 பிட் என்றால், கெர்னல் 4 பைட் கூடுதலாக எழுதி நினைவகத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அங்கே எப்போதும் 64 பிட்டுக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். 32 பிட் பவர்பிசிக்கும் கிராஸ் கொம்பைலர் கிடைக்கிறது. இன்டெல் 64, இன்டெல் 32, எஸ்390எக்ஸ், பவர்பிசி 32 என்று நான்கு மூலையிலும், 65 பக்கத்தோடு டெஸ்ட் ஓடுகிறது. நான்கில் ஒவ்வொன்றும் எழுதியதை மற்ற மூன்றும் படிக்க வேண்டும். தான் எழுதியதைத் தானே படித்துப் பார்க்கும் சோதனையில் பைட் வரிசைப் பிழை வெளியே வராது.

பக்கத்தின் உள்ளடக்கத்தை மட்டும் ஒருபோதும் புரட்டக்கூடாது. தம்பி ஒரு கட்டத்தில் கேட்டார், “அப்ப பக்கத்துக்குள்ள இருக்கிறதையும் மாத்த வேணுமோ அக்கா?” வேண்டாம். அது விருந்தினர் இயந்திரத்தின் சொத்து. அதற்குள் எது எண், எது எழுத்து, எது கட்டளை என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. வந்தபடியே போக வேண்டும். நாங்கள் எழுதிய கணக்குக்கு மட்டும் நாங்கள் பொறுப்பு.

பிற்பாடு சேர்த்ததில் எனக்கு அதிகம் பிடித்தது ஒரு சரிபார்ப்பு. முன்பு முழுக் கோப்புக்கும் ஒரு சிஆர்சி. இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று, அதைக் கணக்கிடும்போது உள்ளடக்கத்தோடு பக்கத்தின் எண்ணையும் சேர்த்துக்கொள்கிறோம். அந்த எண்ணையும் ஒரே பைட் வரிசையில்தான் கொடுக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம். சேர்க்கும் இடத்தில் 3 இன் உள்ளடக்கத்தை 59 இல் வைக்கப் போனால் உடனே பொருந்தாமல் நின்றுவிடும். 4096 பைட்டுக்கு 4 பைட் கூடுதல். பைட் வரிசை பிழைத்தாலும், வேறு எந்தக் காரணத்தால் இடம் மாறினாலும், முதல் பக்கத்திலேயே தெரியும்.

பத்தாம் நாள் காலை வாடிக்கையாளரோடு கதைத்தோம். பிழை எங்களுடையது என்று அண்ணையே சொன்னார். இயந்திரங்கள் உயிரோடு ஓடிக்கொண்டிருந்ததால் புதிதாக முழுப் பிரதி எடுக்கலாம், அன்றே எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் சேர்த்து முடித்த டெல்டாக்களை 14 நாளில் அழித்துவிடும்படி நாங்கள்தான் அமைத்துக் கொடுத்திருந்தோம். பவர் சேர்வருக்கு மாறிய நாளில் இருந்த பிரதி சரியானது, கடைசி 14 நாள் டெல்டாக்களும் சரியானவை. இடையில் இருந்த மூன்று கிழமை அழிந்துவிட்டது. பிழையான இடத்தில் எழுதப்பட்ட பக்கம் அங்கே முன்பு இருந்ததை அழித்துவிட்டதால், கலந்த பிரதியில் இருந்து பிரித்தெடுக்கவும் வழி இல்லை. அந்த மூன்று கிழமையின் நினைவக நிலைகள் போனது போனதுதான். இப்போது, சேர்த்த பிரதியில் இருந்து இயந்திரத்தை ஒரு தடவை எழுப்பிப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் சிஆர்சி பொருந்திய பிறகுதான் டெல்டா அழியும்.